டிஏ 50ன்னா என்ன மாப்ள? சைட்டோட அத்தாரிட்டி நம்பரை ஏபிஐ வழியா எடுக்கிற கதை

கல்லிடைக்குறிச்சில என் ஃப்ரெண்டு ஒருத்தன் அப்பளம் போட்டு விக்கிறான், கடைக்கு ஒரு வெப்சைட்டும் வெச்சிருக்கான், போன மாசம் அவனுக்கு ஒரு மெயில். "டிஏ 50க்கு மேல இருக்கிற 40 சைட்ல உங்க கடையோட லிங்க் போட்டுத் தர்றோம், கூகுள்ல மேல வந்துடுவீங்க"ன்னு லிஸ்ட்டோட வந்திருக்கு. உடனே எனக்கு போன், "மாப்ள, டிஏன்னா என்னடா, இவன் சொல்ற நம்பர் நெஜமான்னு எப்படிப் பாக்கிறது?" ஒண்ணு ரெண்டு சைட்னா ஏதாவது டூல்ல போட்டு கையாலயே பாத்துடலாம், 40ன்னா சலிச்சுப்போகும், அதுவும் இந்த மாதிரி மெயில் மாசத்துக்கு நாலு வரும். அதுக்குத்தான் ஏபிஐ, அதாவது நம்ம புரோகிராமே அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர்கிட்ட நேரா கேட்டு பதில் வாங்குற வழி. அவனுக்கு போன்ல அரைகுறையா சொன்னத இங்க கொஞ்சம் ஒழுங்கா எழுதுறேன், எஸ்இஓ, அதாவது கூகுள் தேடல்ல சைட்ட மேல கொண்டுவர்ற வேலை, தெரியலேன்னாலும் பரவால்ல, பைத்தானோ பிஹெச்பியோ ஏதோ ஒண்ணுல நாலு வரி எழுதத் தெரிஞ்சா போதும்.

மொதல்ல அந்த நம்பர் என்னன்னு பாத்துடுவோம். டிஏன்னா டொமைன் அத்தாரிட்டி, டொமைன்னா சைட்டோட அட்ரஸ் பேரு. ஒரு சைட்டுக்கு வெளிய இருந்து எத்தன பேர் லிங்க் குடுத்திருக்காங்க, குடுத்தவங்க எப்பேர்ப்பட்டவங்க, இத வெச்சுப் போடுற மார்க்குதான் அத்தாரிட்டி. சொசைட்டில லோன் கேட்டா ஜாமீன் கையெழுத்து கேப்பாங்கல்ல, அதே சங்கதிதான். ஊர்ல நாலு பேர் மதிக்கிற ஹெட்மாஸ்டர் போட்ட கையெழுத்தும், போறவன் வர்றவனுக்கெல்லாம் போட்டுக் குடுக்கிறவன் கையெழுத்தும் ஒண்ணாகுமா? ஆகாது. யார் போட்டாங்கன்னு பாக்கணும், அவர் மொத்தம் எத்தன பேருக்குப் போட்டிருக்கார்னும் பாக்கணும்.

இத கணக்கா மாத்துனது லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், 1998ல, ஸ்டான்ஃபோர்டுல படிச்சிட்டு இருக்கும்போது. அதுக்குப் பேரு பேஜ்ரேங்க். ஒரு பக்கத்துக்கு 1 மார்க் இருக்குன்னு வைங்க, அதுல இருந்து 4 லிங்க் வெளிய போகுது, அப்ப 0.85ஐ நாலாப் பிரிச்சு ஆளுக்கு 0.2125 போகும். அதே பக்கத்துல 100 லிங்க் இருந்தா ஆளுக்கு 0.0085தான். அந்த 0.85 எங்க இருந்து வந்துச்சுன்னா, லிங்க் லிங்க்கா கிளிக் பண்ணிட்டே போற ஆளு 100ல 15 தடவை சலிச்சுப்போய் சம்பந்தமே இல்லாத வேற பக்கத்துக்குத் தாவிடுவான்னு ஒரு அனுமானம். மார்க் வாங்குன பக்கம் அத திரும்ப தன் லிங்க்குகளுக்குப் பங்கு வைக்கும், இப்படியே சுத்திச் சுத்திக் கணக்குப் போட்டா ஒரு கட்டத்துல நம்பர் அசையாம நின்னுடும், அதுதான் பேஜ்ரேங்க். இவ்வளவுதான் அடிப்படை, இன்னிக்கு இருக்கிற எல்லா அத்தாரிட்டி நம்பரும் ஏதோ ஒரு வகையில இதோட பேரன் பேத்திங்கதான்.

2000ல கூகுள் டூல்பார்னு ஒண்ணு விட்டாங்க, அதுல பச்சைக் கோடு மாதிரி 0ல இருந்து 10 வரைக்கும் பேஜ்ரேங்க் தெரியும். எல்லாருக்கும் தெரியுற மாதிரி மார்க் போட்டா என்ன ஆகும், "பிஆர் 6 சைட்ல லிங்க், இவ்வளவு ரூபா"ன்னு சந்தையே உருவாயிடுச்சு. 2013 டிசம்பரோட அந்த நம்பரை அப்டேட் பண்றத நிறுத்தினாங்க, 2016ல மொத்தமா வெளிய காட்டுறதையே எடுத்துட்டாங்க. உள்ள பேஜ்ரேங்க் இன்னும் ஓடுதுன்னு கூகுளே சொல்லுது, நமக்குத்தான் காட்ட மாட்டாங்க. ஆக இன்னிக்கு எந்த ஏபிஐல கேட்டாலும் கெடைக்கிறது கூகுளோட நம்பர் கிடையாது, இத மட்டும் மண்டையில ஏத்திக்கிட்டா பாதிக் குழப்பம் போயிடும்.

அப்ப யாரோட நம்பர்? கூகுள் விட்ட எடத்தப் பிடிச்ச தனியார் கம்பெனிகளோடது. சியாட்டில்ல இருக்கிற மோஸ் குடுக்கிறது டொமைன் அத்தாரிட்டி, சுருக்கமா டிஏ, நம்ம ஃப்ரெண்டுக்கு வந்த மெயில்ல இருந்தது இதுதான். ஏரெஃப்ஸ் குடுக்கிறது டொமைன் ரேட்டிங், டிஆர். செம்ரஷ்ல அத்தாரிட்டி ஸ்கோர். இங்கிலாந்துல இருக்கிற மெஜெஸ்டிக் 2012ல இருந்து ரெண்டு நம்பர் தருது, லிங்க் குடுத்தவங்க தரத்துக்கு டிரஸ்ட் ஃப்ளோ, லிங்க் எவ்வளவுங்கிறதுக்கு சைட்டேஷன் ஃப்ளோ. ஒவ்வொருத்தரும் சொந்தமா கிராலர் வெச்சு, அதாவது வெப்சைட் வெப்சைட்டா ஏறி எறங்கி லிங்க் பொறுக்கிட்டு வர்ற புரோகிராம் வெச்சு, ஆளுக்கொரு லிங்க் கிடங்கு கட்டியிருக்காங்க. கிடங்கும் வேற, கணக்கும் வேற, அதனால ஒரே சைட்டுக்கு ஒருத்தர் 34ம்பாரு, இன்னொருத்தர் 19ம்பாரு, ரெண்டு பேரும் பொய் சொல்லல. மோஸ் பண்றது ஒரு கணிப்பு, இந்த டொமைன் கூகுள் ரிசல்ட்ல வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு மெஷின் லேர்னிங்ல போடுற மார்க். ஏரெஃப்ஸ் லிங்க் பலத்த மட்டும்தான் பாக்கும், லிங்க் குடுத்த டொமைன் எத்தன, அதோட டிஆர் என்ன, அது எத்தன பேருக்குக் குடுத்திருக்கு, பழைய ஜாமீன் கணக்கேதான். ஒரு சைட்டோட டிஏவையும் இன்னொரு சைட்டோட டிஆரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடுறவங்கள நெறைய பாத்திருக்கேன், அது கிலோவையும் படியையும் ஒண்ணா கூட்டுற மாதிரி.

இன்னொண்ணு, டிஏ 1ல இருந்து 100 வரைக்கும் போகும், ஆனா படிக்கட்டு ஒரே உயரம் இல்ல. 20ல இருந்து 30க்கு ஏறுறது ஒரு வேலை, 70ல இருந்து 80க்கு ஏறுறது வேற லெவல் வேலை, மேல போகப் போக படி உயரமாயிட்டே போகும்.

சரி, இப்ப ஏபிஐ. ஆன்லைன்ல பட்டா பாத்திருக்கீங்களா? மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு, எல்லாம் சரியாக் குடுத்தா அவங்க பதிவுல என்ன இருக்கோ அத அப்படியே காட்டும், நேர்ல வந்து நெலத்த அளந்து பாத்துச் சொல்லாது. ஏபிஐயும் அதுதான், என்ன ஒண்ணு, இங்க ஃபார்ம் நெரப்புறது நம்ம இல்ல, நம்ம புரோகிராம். சொன்ன வடிவத்துல கேள்வி அனுப்பணும், சொன்ன வடிவத்துல பதில் வரும். அந்த நிமிஷம் யாரும் போய் சைட்ட ஆராய்ச்சி பண்றதில்ல, ஏற்கெனவே கிடங்குல இருக்கிற பழைய கணக்கத்தான் எடுத்து நீட்டுறாங்க. உட்பிரிவு நம்பர் தப்பாப் போட்டா அடுத்தவன் நெலம் வரும்ல, அந்தக் கூத்தும் இங்க உண்டு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

பழகறதுக்கு ஓப்பன் பேஜ்ரேங்க் நல்லது, ஃப்ரீ. காமன் கிரால்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு 2007ல இருந்து இருக்கு, வெப்பை கிரால் பண்ணி அந்த டேட்டாவ யார் வேணாலும் எடுத்துக்கங்கன்னு போடுறாங்க, அத வெச்சு பழைய டூல்பார் மாதிரியே 0ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் கணக்குப் போட்டுத் தர்றதுதான் ஓப்பன் பேஜ்ரேங்க். அக்கவுண்ட் தொறந்தா ஒரு கீ குடுப்பாங்க, நீளமா எழுத்தும் நம்பரும் கலந்த ஒரு சரம். ரிக்வெஸ்ட், அதாவது கேள்வி, அனுப்பும்போது அந்த கீய ஹெடர்ல, அதாவது அதோட தலைப்புப் பகுதில, வைக்கணும், அட்ரஸ் கடைசில டொமைன்ஸ்னு ஒரு பட்டியலா நம்ம டொமைன் பேருகள ஒட்டணும், கெட் ரிக்வெஸ்ட்டா, அதாவது கேள்வி பூரா அட்ரஸ்லயே இருக்கிற வகையில, அனுப்பணும், அவ்வளவுதான். ஒரே ரிக்வெஸ்ட்ல 100 டொமைன் வரைக்கும் கேக்கலாம், அதாவது ஃப்ரெண்டோட 40ம் ஒரே அடியில முடிஞ்சுடும். பைத்தான்ல ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி போட்டா அஞ்சாறு வரிக்கு மேல வராது.

பதில் ஜேசன் வடிவத்துல, அதாவது பேரும் மதிப்புமா ஜோடி ஜோடியா எழுதுற வடிவத்துல, வரும், ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு குட்டிப் பெட்டி, அதுக்குள்ள முழு எண்ணா ஒரு மார்க், தசமத்துல ஒரு மார்க், மொத்த டொமைன்கள்ல இது எத்தனாவது ரேங்க், கூடவே ஒரு ஸ்டேட்டஸ் கோடு. எப்பவும் தசமத்த எடுங்க, 10க்குள்ள இருக்கிற மார்க்க முழு எண்ணா உருட்டினா பாதி சைட்டுக்கு ஒரே மார்க் வந்து எதுவும் புரியாது.

இங்க புதுசா வர்றவங்க எல்லாரும் வழுக்குற எடம் ஒண்ணு இருக்கு, நானும் வழுக்கியிருக்கேன். மொத்த பதிலுக்கு 200 வரும், அதாவது எல்லாம் ஓகே. ஆனா உள்ள ஒரு டொமைனுக்கு மட்டும் 404 இருக்கலாம், அந்த டொமைன் எங்க கிடங்குல இல்லன்னு அர்த்தம். அப்ப மார்க் எடத்துல 0 வந்து நிக்கலாம். இத கவனிக்காம 0ன்னு ஷீட்ல எழுதிட்டா என்ன ஆகும், போன வாரம் ஆரம்பிச்ச நல்ல சைட்டும் குப்பை சைட்டும் ஒரே வரிசையில நிக்கும். ஒருத்தர் பரிட்சை எழுதி 0 வாங்குறதும், ஒருத்தர் பரிட்சைக்கே வராததும் ஒண்ணா? மார்க் லிஸ்ட்ல ஆப்சென்ட்னு போடுவோம்ல, அதே மாதிரி ஷீட்லயும் காலியா விடுங்க, 0 போடாதீங்க, ஆவரேஜ் எடுக்கும்போது அந்த 0 பண்ற சேட்டை தாங்காது.

மோஸ் ஏபிஐன்னா கொஞ்சம் வேற மாதிரி. போஸ்ட் ரிக்வெஸ்ட்டா, அதாவது கேள்விய அட்ரஸ்ல ஒட்டாம உள்ள வெச்சு அனுப்புற வகையில, அனுப்பணும், எந்தெந்த டொமைன் வேணும்னு உள்ள ஜேசன்லயே ஒரு பட்டியல் வைக்கணும். திரும்பி வர்றதுல டிஏ மட்டும் இல்ல, அந்த ஒரு பக்கத்துக்கான பேஜ் அத்தாரிட்டி, எத்தன வேற வேற டொமைன்ல இருந்து லிங்க் வருது, கடைசியா எப்ப கிரால் பண்ணாங்க, ஸ்பாம் ஸ்கோர், எல்லாம் சேந்து வரும். இந்த ஸ்பாம் ஸ்கோர பாத்து பயந்துடாதீங்க, 27 அம்சம் வெச்சுப் பாத்து, இதே சாயல்ல இருக்கிற சைட்டுகள்ல எத்தன சதவீதம் கூகுள்கிட்ட அடி வாங்கியிருக்குன்னு சொல்றது அது. சாயல்தான், குற்றம் இல்ல. வேற வேற டொமைன்ல இருந்து லிங்க் எத்தனங்கிற நம்பர் இருக்கே, எனக்கு டிஏவ விட அதுமேலதான் நம்பிக்கை, ஏன்னா அது எண்ணிக்கை, டிஏ கணிப்பு.

பதில்ல வர்ற வரிசைய நம்பி ஒட்டாதீங்க, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் டொமைன் பேரு வரும், அத வெச்சு பொருத்துங்க, நடுவுல ஒண்ணு விட்டுப்போனா கீழ இருக்கிறது பூரா ஒரு வரி தள்ளிப்போய் உக்காந்துடும்.

காசு கணக்கும் சொல்லிடறேன். மோஸ்ல வரி வரியா எண்ணுவாங்க, 40 டொமைன் கேட்டா ஒரே ரிக்வெஸ்ட்டா இருந்தாலும் 40 வரி கழிஞ்சிடும். நான் மொத மொதல்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதும்போது (எந்தக் கம்பெனி ஏபிஐன்னு வேணாம்) 300 டொமைன் லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு, பிரிண்ட் வரியில ஒரு கமா மாத்துனாக்கூட மறுபடி மொத்தத்தையும் ஓட விட்டுப் பாத்துட்டு இருந்தேன், சாயங்காலம் டீ குடிச்சிட்டு வந்து பாத்தா மாசக் கோட்டா காலி, அன்னிக்குத் தேதி 3. அதுக்கப்புறம் புத்தி வந்து, வந்த பதில அப்படியே ஒரு ஃபைல்ல சேத்து வெச்சுட்டு, அடுத்த தடவை ஃபைல்ல இருக்கான்னு மொதல்ல பாக்கிறது, இல்லன்னா மட்டும் ஏபிஐகிட்ட போறதுன்னு மாத்துனேன். இந்த நம்பரெல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற சமாச்சாரம் இல்ல, மாசம் ஒரு தடவை எடுத்தா தாராளம். டெஸ்ட் பண்றதுக்கு ரெண்டே ரெண்டு டொமைன் வெச்சுக்கங்க, ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது, ஒண்ணு இல்லவே இல்லாதது.

எர்ரர் வந்தா, 401ன்னா கீ தப்பு இல்லேன்னா ஹெடர்ல வெக்க மறந்திருப்பீங்க, 403ன்னா உங்க பிளான்ல அதுக்கு அனுமதி இல்ல, 429ன்னா ரொம்ப வேகமா கேக்குறீங்க. 429 வந்தா வீம்புக்கு திரும்பத் திரும்ப அடிக்காம 1 செகண்ட், 2, 4, 8ன்னு இரட்டிச்சு இரட்டிச்சுக் காத்திருந்து கேளுங்க. கீய பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதிடாதீங்க, கிட்ஹப்ல பப்ளிக்கா ஏத்திடாதீங்க, யாரோ ஒருத்தன் எடுத்து உங்க கோட்டால அவன் வேலைய முடிச்சுப்பான்.

இப்ப அந்த உட்பிரிவு கூத்து. எந்த அட்ரஸ்ஸ கேக்குறோம்ங்கிறதுதான் இதுல முக்கால்வாசி தப்பு நடக்கிற எடம். நம்ம ஊர்ல ஆயிரக்கணக்கான பேரு பிளாக்ஸ்பாட்ல எழுதுனோம், இன்னும் எழுதுறவங்க இருக்காங்க. உங்க பிளாக் பேரு, டாட், பிளாக்ஸ்பாட், டாட் காம். இதுல பிளாக்ஸ்பாட் டாட் காம்ங்கிறது சர்வே நம்பர், முன்னாடி இருக்கிற உங்க பேரு உட்பிரிவு. டொமைனோட மார்க்க கேட்டா மொத்த பிளாக்ஸ்பாட்டுக்கான மார்க் வந்து நிக்கும், அது எக்கச்சக்கமா இருக்கும், உலகத்துல இருக்கிறவன் பூரா லிங்க் குடுத்திருக்கான்ல. நேத்து தொறந்து ஒரே ஒரு போஸ்ட் போட்ட பிளாக்கும் அந்த மார்க்க காட்டிக்கலாம். ஏரிக்கரை பக்கத்துல ரெண்டு சென்ட் வாங்கிட்டு ஏரியே என்னோடதுன்னு சொல்ற மாதிரி. இப்படி முன்னாடி ஒட்டுற பேரோட சேந்த அட்ரஸ்தான் சப்டொமைன், அத இலவசமா குடுக்கிற எல்லா எடத்துலயும் இது உண்டு, அதனால சப்டொமைனா இருந்தா சப்டொமைன் அளவுலயோ பக்கத்து அளவுலயோ கேக்கணும், ஏபிஐல அதுக்கு தனியா வழி இருக்கான்னு டாக்குமெண்டேஷன்ல பாத்துக்கங்க.

இதுக்கு நேரெதிர் தப்பும் இருக்கு. அட்ரஸ்ல இருந்து டொமைன வெட்டி எடுக்க, புள்ளில பிரிச்சு கடைசி ரெண்டு துண்ட எடுத்துக்கலாம்னு தோணும். டாட் காமுக்கு சரியா வரும். டாட் கோ டாட் இன்னுக்கு? வெறும் கோ டாட் இன்தான் மிஞ்சும். தமிழ்நாடு அரசு சைட், டிஎன் டாட் கவ் டாட் இன், அத வெட்டினா கவ் டாட் இன்னு வந்து நிக்கும், இலங்கையோட கவ் டாட் எல்கேவும் இப்படித்தான் மாட்டும். எது வரைக்கும் பொதுவான பின்பகுதி, எங்க இருந்து சொந்தப் பேரு ஆரம்பிக்குதுன்னு ஒரு பட்டியல் மொசில்லா ஆரம்பிச்சு வெச்சிருக்கு, பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்னு பேரு, தன்னார்வலர்கள் பராமரிக்கிறாங்க. பைத்தான்ல டிஎல்டி எக்ஸ்ட்ராக்ட்னு ஒரு லைப்ரரி அந்த லிஸ்ட்ட வெச்சுதான் வெட்டும், நீங்களா புள்ளி எண்ணிட்டு உக்காராதீங்க.

தமிழ்ல அட்ரஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு கூடுதலா ஒரு தலைவலி. டாட் இந்தியான்னு தமிழ்லயே முடியுற டொமைன் இருக்கு, ஆனா உள்ள அது எக்ஸ் என் ரெண்டு ஹைஃபன்னு ஆரம்பிக்கிற ஒரு கிறுக்கல் பேராத்தான் ஓடும், அதுக்கு ப்யூனிகோடுன்னு பேரு, ஏபிஐகிட்ட அந்த வடிவத்துல கேக்கிறதுதான் பத்திரம். பக்கத்தோட பேருல தமிழ் இருந்தா வேற கதை, ஒவ்வொரு எழுத்துக் குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறி போட்டு 3 எழுத்தா விரியும். அப்பளம்ங்கிற வார்த்தையில புள்ளியும் சேத்து 7 குறி, அது 63 எழுத்து நீளத்துக்கு அட்ரஸ்ல நீண்டு நிக்கும். இத ஏற்கெனவே விரிச்சு வெச்சிருக்க, நம்ம லைப்ரரி மறுபடி ஒரு தடவை விரிச்சுடும், அந்த சதவீதக் குறியே இன்னொரு மூணெழுத்தா மாறி, அப்படி ஒரு பக்கமே இல்லன்னு பதில் வரும். தமிழ் பக்கத்துக்கு மட்டும் எப்பவும் காலியா வருதுன்னா மொதல்ல இதத்தான் சந்தேகப்படணும்.

நம்பர் வந்தாச்சு, சேத்து வெக்கும்போது மார்க்க மட்டும் எழுதாதீங்க. யாரோட நம்பர், எந்த அட்ரஸ் அளவுல கேட்டது, எந்தத் தேதி, இந்த மூணும் பக்கத்துலயே இருக்கணும். ஏன்னா 2019 மார்ச்ல மோஸ் டிஏ கணக்கு போடுற முறையவே மாத்துச்சு, சைட்ல யாரும் கைய வெக்காமலே மார்க் ஏறி எறங்குச்சு, தேதி எழுதி வெக்காதவங்க எதனால எறங்குச்சுன்னு மண்டைய ஒடச்சிட்டு இருந்தாங்க. அலெக்சா ரேங்க் ஞாபகம் இருக்கா, அது டிராஃபிக் கணக்கு, அதாவது சைட்டுக்கு எவ்வளவு பேர் வர்றாங்கன்னு பாக்கிறது, இதோட நேரடி சொந்தம் இல்ல, ஆனா ஒரு காலத்துல விளம்பரம் வாங்கணும்னா அத கேக்காத ஆள் கிடையாது, 2022 மே 1ஆம் தேதி அத நடத்துன அமேசான் அந்த சேவைய மூடிடுச்சு. அத நம்பி எழுதுன ஸ்கிரிப்ட்டெல்லாம் அப்புறம் ஏபிஐயும் நின்னதும் படுத்துருச்சு.

கூகுள்ல மேல வர்றதுக்கு டிஏ உதவுமான்னு கேட்டா, டிஏவ நாங்க பாக்கிறதில்லன்னு கூகுள்காரங்க பல தடவை சொல்லிட்டாங்க. அப்ப 2024 மே மாசம் கூகுளோட உள் டாக்குமெண்ட் கசிஞ்சதுல சைட் அத்தாரிட்டின்னு ஒண்ணு இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருந்துச்சு. அது அவங்க சொந்தமா வெச்சிருக்கிற ஏதோ ஒண்ணு, மோஸோட டிஏ இல்ல, பேரு ஒத்துப்போகுதுன்னு ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க. லிங்க்க காசுக்கு வாங்கி ரேங்க் ஏத்துறது கூகுள் விதிப்படி தப்பு, காசு குடுத்துப் போட்ட லிங்க்னா ஸ்பான்சர்டுன்னு குறி போடணும், அந்தக் குறி 2019ல இருந்து இருக்கு. குறி போட்டுத் தர்றோம்னு எந்த மெயில்லயும் சொல்ல மாட்டாங்க.

இனி ஃப்ரெண்டோட 40. எல்லாத்தையும் ஓட விட்டோம், டிஏவோட மெஜெஸ்டிக் நம்பரையும் வெச்சுப் பாத்தோம், சைட்டேஷன் ஃப்ளோ மேல இருந்து டிரஸ்ட் ஃப்ளோ தரையில கெடந்தா லிங்க் நெறைய இருக்கு, தரமானவங்க யாரும் குடுக்கலன்னு அர்த்தம், அப்படி ஒரு கூட்டம் தேறுச்சு. ரெண்டு டொமைன் எந்தக் கிடங்குலயும் இல்ல, காலியா விட்டோம். மிச்சத்துல 14 அட்ரஸ் இலவச சப்டொமைன், மெயில்ல போட்டிருந்த டிஏ பூரா ஏரியோட டிஏ, ரெண்டு சென்ட்டோடது இல்ல. சப்டொமைன் அளவுல கேட்டா ஒண்ணு ரெண்டு தவிர எதுவும் நிக்கல.

அவன் சும்மா இருக்க மாட்டான்ல, அந்த மெயிலுக்கு பதில் போட்டான். "சார், சர்வே நம்பர் சரியா இருக்கு, உட்பிரிவு நம்பர் மட்டும் அனுப்புங்க." மூணு வாரமாச்சு, ஒண்ணும் வரல, நேத்து வேற ஒருத்தர்கிட்ட இருந்து டிஆர் 60ன்னு புது லிஸ்ட் வந்திருக்கு, 25 சைட், அத எனக்கு ஃபார்வர்டு பண்ணியிருக்கான்.